ஊஞ்சலுக்குக் கீழே என்ன இருக்கிறது? காவிரிப் படுகையின் சிறுவர் பூங்காக்களும் குழந்தைகளின் பாதுகாப்பும்

2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். குழந்தை ஒல்லியாக இருந்தாலும் பருமனாக இருந்தாலும் இந்த வேகம் மாறாது. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். தளர்ந்த மணல் 10 சென்டிமீட்டர் உள்வாங்கிக்கொண்டால், உடலின் வேகத்தை அடக்கும் தடை சராசரியாகப் புவியீர்ப்பைப்போல 20 மடங்கு. காய்ந்து இறுகிய மண்ணில் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் 100 மடங்கு. சிமெண்ட் தளத்தில் தலை மோதி அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 400 மடங்கு. விளையாட்டுத் தரைகளுக்கான பன்னாட்டு அளவுகோல்கள், தலைக்கு ஏற்படும் உச்சத் தடை 200 மடங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன.

ஆகவே ஒரு சிறுவர் பூங்கா பாதுகாப்பானதா என்று பார்க்க வருபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். நாம் நிமிர்ந்துதான் பார்க்கிறோம். புது சறுக்கு என்ன நிறம், எவ்வளவு உயரம், என்ன விலை என்பதெல்லாம் திறப்பு விழாவில் பேசப்படும். அதன் அடியில் இருப்பது அங்கே ஏற்கெனவே கிடந்த களிமண்ணாக இருக்கும். இல்லாவிட்டால், சுத்தமாக இருக்கட்டும் என்று பதித்த சிமெண்ட் பேவர் கல்லாக இருக்கும். இரண்டில் பேவர் கல் மோசம். நல்ல எண்ணத்தில் செலவழித்த பணம் அங்கே குழந்தையின் தலைக்கு எதிராக வேலை செய்கிறது.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டு இடங்களுக்கான வழிகாட்டியை 1981-இல் முதலில் வெளியிட்டது. பிறகு பலமுறை திருத்தியது. அதன் எல்லாப் பதிப்புகளிலும் மாறாத செய்தி, காயங்களில் மிகப் பெரும்பங்கு விழுவதால் வருகிறது என்பதே. சிமெண்ட், தார், இறுகிய மண் மூன்றையும் அது ஏற்பதில்லை. புல்லையும் ஏற்பதில்லை. புல் பார்வைக்கு மென்மையாக இருந்தாலும், நாள்தோறும் பல கால்கள் மிதிக்கும் இடத்தில் அது நிற்காது, அடியில் இருக்கும் மண் வெளியே வந்துவிடும். அந்த வழிகாட்டியின் கணக்குப்படி 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயர வீழ்ச்சி வரைதான் காக்கும். அதே 9 அங்குலத்துக்கு மரச்சில்லுகள் போட்டால் 10 அடி வரை காக்கும். துருவிய ரப்பர் 6 அங்குலம் இருந்தாலே 10 அடிக்குப் போதும். 4 அடி என்பது சின்னக் குழந்தைகள் ஏறும் சறுக்கின் மேடை. நம் பூங்காக்களில் நிற்கும் சறுக்குகளில் பல அதைவிட உயரம். அதாவது மணல் கொட்டினால் போதும் என்று நினைப்பதும் தவறு. எந்த உயரத்துக்கு எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

களிமண்ணின் இரண்டு முகங்கள்

வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்து இங்கே விரித்தால் அது பாதிதான் பொருந்தும். காரணம் நம் மண். பழைய டெல்டாவின் பெரும்பகுதியில், குறிப்பாக வெண்ணாற்றுப் பாசனத்தில், கனத்த களி. சம்பா நடவுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குணமே விளையாட்டுத் திடலில் தொல்லையாகிறது. சித்திரையில் வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். அப்போது வயலில் கடப்பாரை போட்டவர்களுக்கு அதன் கெட்டி தெரியும். பள்ளி விடுமுறையில் பூங்கா நிரம்பி வழியும் மாதமும் அதுதான். குழந்தைகள் அதிகம் விழும் காலமும் மண் மிகவும் இறுகியிருக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன.

ஐப்பசியில் நிலைமை தலைகீழ். ஊஞ்சலுக்கு அடியில் கால்கள் தேய்த்த இடம் குழியாகி நீர் நிற்கும். சறுக்கின் முடிவிலும் அப்படியே. வழுக்கும், கொசு முட்டையிடும். அந்தக் குழியைத் தவிர்க்கப் பக்கவாட்டில் குதிக்கும் குழந்தை கம்பியில் மோதிக்கொள்ளும். தண்ணீர் வற்றிய பிறகு அந்தக் குழியை யாரும் நிரப்புவதில்லை. அடுத்த கோடையில் அது கிண்ணம்போல இறுகி, ஊஞ்சலின் உயரத்தை இன்னும் அரை அடி கூட்டிவிடுகிறது.

சரி, களியின் மேல் மணலைக் கொட்டலாமே என்றால், ஒரு மழைக்காலம் தாங்காது. மணல் களிக்குள் இறங்கிக் கலந்து, காய்ந்ததும் மொத்தமாக இறுகும். முறையாகச் செய்வதென்றால் ஒன்றரை அடி தோண்ட வேண்டும், வாய்க்கால் பக்கமாகச் சாய்வு கொடுக்க வேண்டும், அடியில் ஜல்லி, அதன் மேல் மண் கலக்காமல் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பு, பிறகு மணல். சுற்றிலும் விளிம்பு கட்டுவது அவசியம், ஆனால் அந்த விளிம்பு கூரான சிமெண்ட் கட்டையாக இருக்கக்கூடாது. இதைச் சொன்னால் செலவு அதிகம் என்பார்கள். ஒரு சறுக்கைக் குறைத்துக்கொண்டு தரையைச் செய்யலாம் என்பதே என் கருத்து. மூன்று கருவிகள் நல்ல தரையில் நிற்பது ஆறு கருவிகள் கல்லில் நிற்பதைவிட மேல்.

மணல் எங்கிருந்து வரும் என்பது அடுத்த சிக்கல். ஆற்று மணலை அள்ளித் தீர்த்த வரலாறு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உண்டு, அதைப் பூங்காவின் பெயரால் மீண்டும் தொடங்கச் சொல்ல மனம் வரவில்லை. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் இதற்கு ஆகாது. அதன் துகள்கள் கோணல்மாணலானவை, ஒன்றோடொன்று பின்னி இறுகுவதே அவற்றின் வேலை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலைபோலக் கிடக்கிறது. அதையும் மரச்சில்லையும் கலந்து தரை போட முடியுமா என்று பார்க்கலாம். ஆனால் சோதிக்காமல் போடக்கூடாது. கருவி பொருத்திய உலோகத் தலையை அளந்த உயரத்திலிருந்து விழவிட்டு அதிர்வை அளக்கும் சோதனை அது. திருச்சியில் என்.ஐ.டி இருக்கிறது, தஞ்சையில் சாஸ்த்ரா இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் திட்டத்துக்கு இதைவிட ஊருக்குப் பயன்படும் பொருள் கிடைப்பது அரிது.

களி இன்னொரு வேலையும் செய்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி அசைந்தால் ஊஞ்சலின் கால்களைப் பிடித்திருக்கும் கான்கிரீட் அடித்தளம் மெல்ல வெளியே வரும். முதலில் அது காலில் இடறும் கட்டை. பிறகு விழும் குழந்தையின் பல்லை உடைக்கும் கட்டை. கடைசியில் ஊஞ்சல் சட்டமே ஆடத் தொடங்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. ஒரே மாவட்டத்துக்குள் ஒரே ஒப்பந்தப் படிவத்தில், ஒரே ஆழ அடித்தளம் எழுதுவது ஏன் சரிவராது என்பதற்கு இது போதுமான காரணம்.

குழந்தைக்குத் தெரியும் ஆபத்தும் தெரியாத ஆபத்தும்

இத்தனையும் படித்துவிட்டு, 'அப்படியென்றால் உயரமான எதையும் வைக்கவே வேண்டாம்' என்று முடிவெடுக்கத் தோன்றும். அது தவறான முடிவு. நார்வே ஆய்வாளர் எல்லென் சாண்ட்செட்டர், குழந்தைகள் தாமாகத் தேடிப் போகும் துணிச்சலான விளையாட்டுகளை வகைப்படுத்தினார். உயரம், வேகம் இரண்டும் அதில் முதன்மையானவை. பிரிட்டனில் ஒரு கட்டத்தில் வழக்குக்குப் பயந்து விளையாட்டு இடங்களைச் சப்பையாக்கிவிட்டு, பிறகு அது தவறு என்று உணர்ந்தார்கள். ஒரு விளையாட்டால் வரும் தீங்கையும் நன்மையையும் சேர்த்து எடைபோடும் முறையை அங்கே வகுத்தார்கள். பன்னாட்டுத் தரநிலை அமைப்பே 2023-இல் இதற்கென ஐ.எஸ்.ஓ 4980 என்ற தரநிலையை வெளியிட்டது.

நமக்கு இது புதிய எண்ணம் அல்ல. புளிய மரத்தில் கயிறு கட்டி ஆடியவர்களும், ஆல விழுதைப் பிடித்து வாய்க்காலுக்கு மேல் பறந்தவர்களும் இந்த ஊர்களில்தான் வளர்ந்தார்கள். மரத்தில் ஏறும் குழந்தைக்கு உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தக் கிளை தாங்குமா என்று கையால் அழுத்திப் பார்க்கிறது. பயந்தால் இறங்கிவிடுகிறது. அந்த ஆபத்து அதன் கணக்குக்குள் இருக்கிறது, கணக்குப் போடக் கற்றும் தருகிறது. ஆனால் சாயத்துக்கு அடியில் துருப்பிடித்த சங்கிலிக் கொக்கி எந்தக் குழந்தையின் கணக்குக்குள்ளும் வராது. முதல் வகையைக் குழந்தையிடம் விட வேண்டும், இரண்டாவதைப் பெரியவர்கள் நீக்க வேண்டும். பூங்காப் பாதுகாப்பு என்று பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், தேவையற்ற தடைகள் ஒரு பக்கமும் தேய்ந்த கொக்கிகள் மறு பக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

பூங்காவைப் பூட்டிவிடுவதன் விளைவு இங்கே வேறு எங்கும் இருப்பதைவிடக் கொடியது. பூட்டிய பூங்காவின் குழந்தைகள் வீட்டில் உட்காருவதில்லை. ஆற்றுக்குப் போகிறார்கள். வழக்கமான ஆண்டுகளில் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, சில நாட்களில் கல்லணை வழியாக வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் தண்ணீர் ஓடும். நேற்று வரை கிரிக்கெட் ஆடிய மணலில் இன்று இழுப்பு. மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐந்து வயது நிறையாத குழந்தைகள். ஆறுகளும் வாய்க்கால்களும் குளங்களும் வலையாகப் பின்னிக் கிடக்கும் ஊரில், நடந்து போகும் தூரத்தில் திறந்திருக்கும் ஒரு நல்ல பூங்கா, நீரில் மூழ்குவதைத் தடுக்கும் ஏற்பாடும்கூட. அதனால் கைமுறிவுக்குப் பயந்து பூங்காவை மூடச் சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடே இல்லை.

கண்ணுக்குப் படாத பொறிகள்

கம்பித் தடுப்புகளின் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சின்னக் குழந்தையின் உடல் உள்ளே போகாது. 23 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தலையும் தாராளமாக வெளியே வரும். இடைப்பட்ட அளவுதான் கொல்லும். கால்கள் முதலில் நுழைந்து, உடல் இறங்கி, தலை மாட்டிக்கொள்ளும், குழந்தை கழுத்தில் தொங்கும். உள்ளூர்ப் பட்டறையில் வளைத்துத் தரும் சட்டங்களில் 5 அங்குலம், 6 அங்குலம் என்று இடைவெளி விடுவது சாதாரணம். வீட்டு ஜன்னலுக்கு விடும் அளவு அது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் யாரும் இதைச் சொன்னதில்லை.

கழுத்தில் கிடப்பவையும் அப்படித்தான். சுடிதார் துப்பட்டா, பள்ளி அடையாள அட்டையின் நாடா, தாயத்துக் கட்டிய கறுப்புக் கயிறு ஆகியவை சறுக்கின் மேல்முனையில் துருத்தி நிற்கும் போல்ட்டில் மாட்டினால், சறுக்கி இறங்கும் குழந்தையின் எடையே அதன் கழுத்தை இறுக்கும். பள்ளி விட்டு நேராகப் பூங்காவுக்கு வரும் குழந்தைகளின் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போடச் சொல்லுங்கள். தாயத்தைக் கழற்ற வீட்டுப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள், இடுப்பிலோ கையிலோ கட்டலாம்.

ஊஞ்சலுக்கு இடம் வேண்டும். சங்கிலி தொங்கும் கம்பி எவ்வளவு உயரமோ அதைப்போல இரு மடங்கு, முன்னும் பின்னும் காலியாக விட வேண்டும். 8 அடி உயரக் கம்பிக்கு முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி. நம் பூங்காக்களில் அந்த இடத்தில் சிமெண்ட் பெஞ்சு இருக்கும், அல்லது சுற்றுச்சுவர் வந்துவிடும். நடைபாதையே ஊஞ்சலின் குறுக்கே போகும் இடங்களும் உண்டு. இரும்புப் பலகையோ மரப்பலகையோ இருக்கையாக இருந்தால், ஓடி வரும் சிறுவனின் நெற்றியில் அது சம்மட்டி. ரப்பர் பட்டை இருக்கைக்கு மாற்றுவது சின்னச் செலவுதான்.

அண்மைக் காலத்தில் சேர்ந்திருக்கும் புது ஆபத்து, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள். பெரியவர்களுக்காக வைத்தவை. இவற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என் 16630, 140 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்காகவே அவற்றை வடிவமைக்கச் சொல்கிறது. நடைக் கருவியின் இரு கால்களும் எதிரெதிராக வீசும்போது நடுவில் நின்றால் ஐந்து வயதுக் குழந்தையின் முகம் அந்த உயரத்தில் இருக்கும். இவற்றைச் சறுக்குக்குப் பக்கத்தில் நிறுத்துவது பெரும் பிழை. நடுவில் ஒரு வேலிச்செடி வரிசையாவது வேண்டும்.

கடலோரத்தில் எதிரி உப்புக் காற்று. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம், காரைக்கால் ஊர்களில் சாயம் அடித்த சாதா இரும்புக் குழாய் சில ஆண்டுகளில் உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே சாயம் பளபளக்கும். ஒவ்வொரு விழாவுக்கும் மேலே மேலே சாயம் பூசுவது துருவை மறைக்கத்தான் உதவும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய் கேட்க வேண்டும், துருப்பிடிக்காத எஃகு என்றால் 316 ரகம் கேட்க வேண்டும். கடைக்காரர் தரும் 304 கடற்காற்றில் குழிகுழியாக அரிக்கும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் இன்னொரு வகையில் இதைச் சிக்கலாக்கியது. நிழல் தந்த மரங்கள் ஏராளம் சாய்ந்தன. நிழல் போன இடத்தில் உலோகச் சறுக்கு சித்திரை வெயிலில் தொடையைச் சுட்டுவிடும். ரப்பர் தரையும் சுடும், செருப்பில்லாமல் ஓடும் காலுக்கு அது கொப்புளம். பூங்காவில் மரம் நடுவது அழகுக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மின்கம்பம், புதர், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு ஆகிய மூன்றும் விரிவாகச் சொல்லத் தேவையில்லாதவை. பூங்கா விளக்குகளின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இருக்க வேண்டும். புல்லை வெட்டினால் கட்டுவிரியன் ஒதுங்க இடமிருக்காது. கிணற்றின் வாய் அடைபட்டிருக்க வேண்டும்.

சோதிப்பது யார்?

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று ஆகியவற்றைக் கேட்பது கண்டிப்பானது. அவ்வளவு பெரிய விலை கொடுத்துப் பெற்ற அந்த ஒழுங்கு கட்டடத்தோடு நின்றுபோனது. ஊஞ்சலின் சங்கிலியைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று கேட்கும் வழக்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

ஐரோப்பியத் தரநிலை ஈ.என் 1176 மூன்று அடுக்குச் சோதனை சொல்கிறது: அன்றாடம் கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்மானத்தை ஆராய்வது, ஆண்டுக்கு ஒருமுறை அடித்தளம் வரை தோண்டிப் பார்ப்பது. டெல்டாவின் நாள்காட்டிக்கு இதை எளிதாகப் பொருத்தலாம். பங்குனி கடைசியில், விடுமுறைக்கு முன், இறுகிய தரையைக் கொத்திவிட்டு மணலை நிரப்ப வேண்டும். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், வடிகாலையும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். மார்கழிக் கடைசியில், காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன், அடித்தளத்தையும் கொக்கிகளையும் சோதிக்க வேண்டும். அன்றாடப் பார்வைக்குப் பொறியாளர் தேவையில்லை. காலையில் பெருக்க வரும் தூய்மைப் பணியாளருக்கு அரைநாள் பயிற்சியும், ஒரு பதிவேடும், 'இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம்' என்று சங்கிலி போட்டுப் பூட்டும் அதிகாரமும் தந்தால் போதும். அந்த அதிகாரம் முக்கியம். பழுதைக் கண்டவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில்தான் குழந்தை விழுகிறது.

விழுந்த பிறகு செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். தொங்கு கம்பியிலிருந்து கையூன்றி விழும் குழந்தைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நடப்பது. அதை இழுத்து, நீவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் முக்கியமான ரத்தக்குழாய் ஓடுகிறது. கட்டு இறுகினால் சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்து, விரல்கள் வாழ்நாள் முழுக்க மடங்கியே நின்றுவிடும். விரல் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, விரலை மெல்ல நீட்டும்போது குழந்தை வலியில் துடித்தாலோ கட்டைத் தளர்த்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ அதற்கும் காத்திருக்கக் கூடாது, 108 கூப்பிட வேண்டும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பூங்காவுக்குப் புதிய கருவி கேட்கும் தீர்மானத்தோடு, தரைக்கும் மூன்றாண்டுப் பராமரிப்புக்கும் அதே ஒப்பந்தத்தில் தொகை ஒதுக்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லலாம். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் இதையே கேட்கலாம். மற்றது, ஒரு குச்சியில் 9 அங்குலத்தில் கோடு போட்டுக்கொண்டு போய், பிள்ளை ஆடும் ஊஞ்சலின் அடியில் ஊன்றிப் பார்ப்பது. குச்சி எங்கே நின்றது என்பதைப் படம் எடுத்து, பூங்காவின் பெயரும் தேதியும் எழுதி, நகராட்சி ஆணையருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.